கையெழுத்துப் போட்டவரே மேஜையில் படுக்கட்டும்

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். கண் விழித்ததும் சர்ஜனைக் கும்பிடுவார்கள். பேரப்பிள்ளைக்கு அவர் பெயரை வைக்கலாமா என்று யோசிப்பார்கள். பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்த்து, "அண்ணே, அந்தத் தலகாணியைக் கொஞ்சம் ஏத்தி வைங்க" என்பார்கள். நானும் ஏற்றி வைப்பேன். பழகிவிட்டது.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. ஆபரேஷன் நடக்கும்போது மற்ற எல்லோரும் குனிந்து வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து, நிமிர்ந்து சர்ஜனைப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான். யாருக்குக் கை நிதானம், யாருக்கு வாய் மட்டும் நிதானம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது ஊருக்கும் தெரியும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

மாமியாருக்கும் மனைவிக்கும் நடுவில் சாப்பிட உட்கார்ந்தவர்கள், இரண்டு மேனேஜர்களுக்கு நடுவில் மேஜை கிடைத்தவர்கள், மச்சான் சண்டையில் பஞ்சாயத்துக்குக் கூப்பிடப்பட்டவர்கள் எல்லாரும் என் இனம். எண்பதுகளில், கிள்ளான் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் எனக்கு ஓசியில் ரத்தக்கொதிப்பு பார்க்கிறார்கள்.

பந்தியில் ஒரு விசாரணை

பிரிக்ஃபீல்ட்ஸில், எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து நாற்காலி முனியாண்டி அண்ணனுக்கு அமைந்துவிட்டது. போர்ட் கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருப்பவர். அவருக்கு ஹெர்னியா, அதாவது குடல் இறக்கம். இருமல் வரும்போதெல்லாம் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு அந்த இடத்தை அமுக்கிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு அவர் சாவியைத் தேடுவதுபோலத் தெரியும்.

"டாக்டர், நமக்குள்ள இருக்கட்டும். உங்க ஆஸ்பத்திரியில யாருகிட்ட வயித்தக் குடுக்கலாம்?" என்றார். எங்கள் தொழிலில் இதற்கு ஒரே பதில்தான். "எல்லாருமே நல்ல சர்ஜன்தான் அண்ணே" என்றேன். அவர் விடுகிற ஆளா? இலையில் சாம்பாரைப் பாத்தி கட்டிக்கொண்டே ஒவ்வொரு பேராகச் சொல்லி என் முகத்தைப் பார்த்தார். "டாக்டர் லிம்?" எனக்கு விக்கியது, தண்ணீர் குடித்தேன். "பெரிய டாக்டர் கனகசிங்கம்?" மறுபடியும் தண்ணீர். "புதுசா ஒரு பொம்பளப்புள்ள வந்திருக்காமே, டாக்டர் மல்லிகா?" நான் அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலையை அப்படியே தொடர்ந்தேன்.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். எனக்குப் பதற்றமாகிவிட்டது. "அண்ணே, நான் ஒண்ணுமே சொல்லலையே" என்றேன். அவர் சொன்னது இது:

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் டாக்டர். ரெண்டு பேருக்குத் தண்ணி குடிச்சீங்க, ஒருத்தருக்கு அப்பளம் சாப்பிட்டீங்க. எனக்கு அது போதும் லா."

மூன்று கையெழுத்து

ஒரு சர்ஜன் தனியாகக் கத்தி பிடிக்கத் தயார் என்பதை அதுவரை எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், பெரிய டாக்டர் ஒருநாள் வேண்டுமென்றே தாமதமாக வருவார். அவர் வருவதற்குள் சின்னவர் ஆபரேஷனை முடித்து, நோயாளியும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் பாஸ். இந்த முறையைப் பற்றி நோயாளிகளிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

எங்கள் டைரக்டர் வெளிநாட்டில் ஏதோ மாநாட்டுக்குப் போய்வந்தார். வந்த கையோடு இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, இளம் சர்ஜன் யாராக இருந்தாலும் மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் தனியாக ஆபரேஷன் செய்யலாம்: பெரிய டாக்டர், இன்னொரு சர்ஜன், ஒரு மயக்க மருந்து டாக்டர். இரண்டு, வயதான சர்ஜனாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை யாராவது கூட நின்று வேலையைப் பார்க்க வேண்டும். பார்க்கிற வேலை எனக்கு. "நீங்க ஒருத்தர்தான் உள்ள நிமிர்ந்து உக்கார்ந்திருக்கீங்க" என்றார் டைரக்டர். நிமிர்ந்து உட்கார்ந்தது ஒரு குற்றமா?

சட்டம் வந்தபோது வரிசையில் முதலில் நின்றவள் டாக்டர் மல்லிகா. டெங்கில் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இங்கிலாந்தில் சர்ஜன் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டு வந்த பெண். சுங்கை வேயில் அம்மாவோடு இருந்தாள். அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வருஷக் கடைசிக்குள் மூன்று கையெழுத்தும் விழுந்தால் மல்லிகாவுக்கு எங்களிடமே வேலை. விழாவிட்டால் வேறு மாநிலத்துக்குத் தூக்கி அடித்துவிடுவார்கள். அம்மாவைக் குளிப்பாட்ட வேறு ஆள் கிடையாது. இது எங்கள் எல்லோருக்குமே தெரியும்.

அவள் கையை நான் பல மாதம் பார்த்திருக்கிறேன். முதல் கையெழுத்தை நானே போட்டேன். டாக்டர் லிம் தாளைப் படிக்காமலே இரண்டாவதைப் போட்டார். அவருக்கு எதையும் படிக்க நேரமில்லை. மூன்றாவதுக்காகப் பெரிய டாக்டரிடம் போனாள். கனகசிங்கம் பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸில்தான். ஆனால் அவர் அப்பா கொண்டுவந்த யாழ்ப்பாணத் தமிழ் அவர் வாயில் ஒரு எழுத்துக்கூடத் தேயவில்லை. தாளை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"நீர் பாஸ் பண்ணினது இங்கிலாந்து வயிறு பிள்ளை. இது கிள்ளான் வயிறு. பாப்பம்."

மைலோ டின்னும் தே தாரிக்கும்

பெரிய டாக்டர் மேஜையில் ஒரு காலி மைலோ டின் இருக்கும். அடியில் ஒரு கொக்கி. அந்த டின்னுக்குள் இரண்டு விரலை விட்டு, கொக்கியில் நூலைக் கட்ட வேண்டும். டின் அசையக் கூடாது, சத்தம் வரக் கூடாது. வயிற்றுக்குள் ஆழத்தில் முடிச்சுப் போடுகிற கைக்கு அதுதான் பரீட்சை. டின் லேசாக 'டொக்' என்றால் பெரிய டாக்டர் பேப்பரைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிடுவார். அப்படியென்றால் போகலாம் என்று அர்த்தம்.

மல்லிகா சொந்தமாக ஒரு மைலோ டின் வாங்கினாள். அதற்குப் பிறகு அவள் கை போன இடமெல்லாம் முடிச்சு. நாற்காலிக் கைப்பிடியில் முடிச்சு, ஜன்னல் திரையில் முடிச்சு. ஒருநாள் நான் ஸ்டெத்தஸ்கோப்பை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அதிலும் ஒன்று.

விபரீதம் கேண்டீனில் நடந்தது. நம் ஊரில் தே தாரிக்கை, அதாவது நுரை பொங்க ஆற்றிய தேத்தண்ணியை, 'புங்குஸ்' என்று பார்சலாக வாங்கினால் எப்படிக் கொடுப்பார்கள் என்று தெரியும்: பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் ராஃபியா கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்ட்ராவைச் செருகித் தருவார்கள். அன்றைக்குக் கேண்டீன் கந்தசாமி இரண்டு கையும் வேலையாக இருக்க, "டாக்டரம்மா, இதைக் கொஞ்சம் கட்டிருங்க" என்று ஒரு பையை நீட்டினான். அவள் என்னோடு பேசிக்கொண்டே கட்டினாள். பேச்சு முடியும்வரை கை நிற்கவில்லை. அந்தத் தேத்தண்ணி போனது பெரிய டாக்டர் அறைக்கு.

அவர் நகத்தால் பார்த்தார், பல்லால் பார்த்தார், கடைசியில் கத்தரிக்கோலால் குத்தினார். தேத்தண்ணி முழுக்க வெள்ளைச் சட்டையில். செய்தி கேட்டு ஓடிவந்த மல்லிகா கைக்குட்டையை நீட்டினாள். அவரோ சட்டையைத் துடைக்காமல், அந்தப் பையின் முடிச்சை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். கையெழுத்து மட்டும் போடவில்லை. கணக்குத் தீர்த்தது கந்தசாமிதான்:

"கட்டுறதுக்கு இங்கிலாந்து போயி படிச்சுட்டு வந்துட்டாங்க. அவுக்கறதுக்கு யாரு சார் படிக்கிறது?"

டாக்டர் லிம் தேங்க்யூ சொன்ன நாள்

டாக்டர் லிம்முக்கு வேகம்தான் திறமை. சுவர்க் கடிகாரத்தோடு அவருக்குப் பழைய பகை இருந்தது. கத்தரிக்கோல் ஒரு விநாடி தாமதமானால் கூரை இடியும். தியேட்டர் நர்ஸ் சிஸ்டர் பிலோமினா அவர் ஆபரேஷன் உள்ள நாளில் காலையிலேயே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வருவார். நோயாளிக்காக இல்லை, தனக்காக.

அவருடைய வருஷாந்தரப் பரீட்சைக்கு நான் போய் நின்றேன். உள்ளே நுழைந்தவர் எல்லோருக்கும் குட்மார்னிங் சொன்னார். சுவரோரம் நின்ற அட்டெண்டருக்கும் ஒன்று. "சிஸ்டர், ப்ளீஸ், கத்தி" என்றார். கொடுத்ததும் "தேங்க்யூ" என்றார். சிஸ்டருக்கு அடுத்த சாமானை எடுக்கக் கை வரவில்லை. இத்தனை வருஷம் திட்டுக்குத் தகுந்த மாதிரி ஓடிப் பழகிய கை, மரியாதைக்கு எப்படி ஓடுவது என்று தெரியாமல் தடுமாறியது. அவர் ப்ளீஸ் சொல்லச் சொல்ல ஆபரேஷன் நீண்டுகொண்டே போனது. லிம்மின் சரித்திரத்திலேயே அவ்வளவு நேரம் எடுத்த ஆபரேஷன் கிடையாது. நான் தாளில் என்ன எழுதுவது? 'நடத்தை மிக நன்று, அதனால் வேலை தாமதம்' என்றா எழுத முடியும்?

வெளியே வந்ததும் சிஸ்டர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். முகத்தில் நிஜமான கவலை.

"டாக்டர், அவருக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா? ரெண்டு தடவ தேங்க்யூ சொல்லிட்டாரு. வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிரலாமா?"

இருமல் பரிசோதனை

முனியாண்டி அண்ணன் அப்பளத்தை நம்பி வந்தே விட்டார். அவர் ஹெர்னியாவை மல்லிகாதான் செய்தாள். மூன்றாவது கையெழுத்து இல்லாததால், சட்டப்படி லிம் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். சுத்தமான வேலை. எனக்கே பெருமையாக இருந்தது, ஏதோ நான் பெற்ற பெண் மாதிரி.

மறுநாள் வார்டில் ஓர் ஆச்சரியம். தன் நோயாளியையே வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிற பெரிய டாக்டர், முனியாண்டி அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தையலைத் தொட்டுப் பார்த்தார். இருமச் சொன்னார். மறுபடி இருமச் சொன்னார். எழுந்து நின்று இருமச் சொன்னார். லோரியில் ஏறினால் வலிக்குமா, குனிந்து செருப்பு மாட்டினால் இழுக்குமா, முதலில் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தீர் என்று ஒரு வக்கீல்போல விசாரித்தார். அடுத்த வாரமும் வந்தார். தையல் பிரித்த பிறகும் வரச் சொன்னார். மல்லிகாவுக்குப் பயம், தையலில் ஏதோ தப்புக் கண்டுபிடித்துவிட்டார் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாசாரில் பார்த்தேன், அண்ணன் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். சௌக்கியமா என்றேன்.

"வயிறு ஜோரா இருக்கு டாக்டர். அந்தப் பெரிய டாக்டரு இருமு இருமுன்னு சொல்லியே எனக்கு நெசமாவே இருமல் வந்துருச்சு. அதுக்கு இப்ப வேற டாக்டரப் பாக்கறேன்."

மார்க் போடப் போனவன்

கடைசியில் பெரிய டாக்டருக்கே பரீட்சை வைக்கும் நாள் வந்தது. டைரக்டர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டார். நான் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் கண்டுகொள்ளவில்லை. வயிற்றைத் திறந்தபடியே, "மாணிக்கம், இந்த ஆளுக்குச் சிறுநீர் எவ்வளவு போகுது?" என்றார். சொன்னேன். "ஏன் குறைவு?" காரணம் சொன்னேன். "வேற காரணம்?" அதையும் சொன்னேன். "இன்னுமொண்டு இருக்கு." எனக்கு வியர்த்துவிட்டது. நான் அவருக்கு மார்க் போட வந்தேனா, அவர் எனக்குப் போடுகிறாரா என்று தெரியவில்லை. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளக்கை மட்டும் அடிக்கடி கிட்டே இழுக்கச் சொன்னார். முடித்துக் கையுறையைக் கழற்றியதும் ஒரு இருமல் வந்தது. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு இருமினார். எப்போதும் அப்படித்தான் நிற்பார். பெரிய மனுஷத் தோரணை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன். "சார், மல்லிகா தாளில் நீங்க ஒருத்தர்தான் பாக்கி. வருஷம் முடியப் போகுது. அவ அம்மா நிலைமை உங்களுக்கும் தெரியும்."

"நீர் போட்டிட்டீரோ?"

"முதல் கையெழுத்தே என்னுதுதான் சார்."

"அவளின்ர கத்திக்குக் கீழ நீர் படுப்பீரோ?"

"ஓ, தாராளமா படுப்பேனே" என்றேன். ஆரோக்கியமாக இருக்கிறவனுக்குச் சொல்ல எவ்வளவு சுலபமான வார்த்தை அது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முக்கியமாக, வயிற்றைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டவர் மேஜையில படுக்கட்டும். பிறகு நான் போடுறன்."

என் பித்தப்பை கேட்ட கேள்வி

அவர் வாய்முகூர்த்தம், அடுத்த மாதமே படுத்தேன். வாழையிலைச் சாப்பாடும் ஆட்டுக்கறிப் பிரட்டலும் முடித்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகுவரை போனது. படம் எடுத்துப் பார்த்தால் பித்தப்பை நிறையக் கல். எடுத்தே ஆக வேண்டும்.

செய்தி கேண்டீனுக்கு என்னைவிட முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ரகசியமாகச் சர்ஜனைக் கைகாட்டியவன் தன் வயிற்றை யாரிடம் கொடுக்கப் போகிறான்? ஆஸ்பத்திரி முழுக்க அதே பேச்சு. லிம் வந்து என் தோளைத் தட்டி, சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிடலாம் என்றார். யாருடைய சாப்பாடு என்று சொல்லவில்லை. மல்லிகா என்னைக் கண்டாலே வேறு வழியாகப் போனாள். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் பெண்ணின் வேலையும் அவள் அம்மாவின் குளியலும் என் விலாவுக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டன.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். அவள் கையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் பயம் சந்தேகத்தைக் கேட்டுக்கொண்டா வருகிறது? வீட்டில் மெதுவாக, சிங்கப்பூருக்குப் போனால் என்ன என்று ஆரம்பித்தேன். என் மனைவி சரோஜா தமிழ்ப்பள்ளி டீச்சர். நாற்பது பிள்ளைகள் சொல்லும் பொய்யைத் தினமும் கேட்கிறவள். கீரை ஆய்ந்த கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"ஏங்க, ஊரான் வயித்துக்குப் போட்ட கையெழுத்து நம்ம வயித்துக்கு மட்டும் செல்லாதா?"

தண்ணீர் இல்லாத டம்ளர்

மறுநாள் காலை மல்லிகா அறைக்குப் போய், "எனக்கு நாள் குறிம்மா" என்றேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். "டாக்டர், எனக்காகப் பாவம் பார்த்து இதைச் செய்யாதீங்க. எங்க அம்மாவுக்காகன்னா இன்னும் வேணாம்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "பாவம் பார்த்து வயித்த அறுத்துக்க எனக்கென்ன பைத்தியமா? பயமாத்தான் இருக்கு. மத்தவங்கள நினைச்சா அதிகமா இருக்கு, உன்ன நினைச்சா கொஞ்சம் கம்மியா இருக்கு. அவ்வளவுதான் கணக்கு" என்றேன். பெரிய டாக்டரிடம் விஷயம் போனது. சட்டப்படி ஒரு மூத்தவர் கூட நிற்க வேண்டும், நானே நிற்கிறேன் என்றாராம்.

ஆபரேஷன் அன்று காலையில் முனியாண்டி அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வார்டுக்கு வந்துவிட்டார். நான் பச்சை அங்கி மாட்டி, தலையில் துணித் தொப்பியோடு படுத்திருந்தேன். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் முகத்துக்கு நேராகக் குனிந்து, பழைய வேலையை ஆரம்பித்தார். "டாக்டர் மல்லிகா" என்றார். நிறுத்தினார். பார்த்தார். மேஜையில் டம்ளர் கவிழ்ந்திருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எனக்குக் கிடையாது; அந்தச் சட்டத்தை வார்டில் போட்டவனே நான்தான்.

"தண்ணியையும் எடுத்துட்டாங்களா? அப்ப நான் எப்படி லா கண்டுபிடிக்கிறது?"

இன்னிக்கு நீங்க கேஸ்

ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு மயக்கம் கொடுக்கப்போவது யார்? தள்ளுவண்டியில் தியேட்டருக்குள் போனால், என் இடத்தில், என் நாற்காலியில், டாக்டர் ஃபரிடா உட்கார்ந்திருந்தாள். நான் பழக்கி, நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிய பெண். கையெழுத்துகள் அன்றைக்கு நாலா பக்கமும் என்னைச் சுற்றி நின்றன.

நான் சும்மா இருந்தேனா? படுத்தபடியே ஆக்ஸிஜன் குழாய் சரியாக மாட்டியிருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். மருந்து எவ்வளவு எடுத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஊசியை வெளிச்சத்தில் காட்டச் சொன்னேன். கை நீட்டி மெஷினின் ஒரு திருகைத் தொட்டும் பார்த்தேன். ஃபரிடா பொறுமையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் மல்லிகா கையுறையோடு, கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு எதிரே, வயிற்றை இழுத்துப் பிடிக்கும் வளைந்த கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய டாக்டர். அந்தக் கொக்கியைப் பிடிப்பது புதிதாக வந்த டாக்டர்களின் வேலை. அவர் அதைத் தொட்டே இருபது வருஷம் இருக்கும். நான் மறுபடியும் தலையைத் தூக்கினேன். சிஸ்டர் பிலோமினா என் நெற்றியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"படுங்க டாக்டர். இன்னிக்கு நீங்க கேஸ்."

மூன்றாவது கையெழுத்து

கண் விழித்தபோது வலித்தது. வலிக்கிறது என்றால் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். பக்கத்தில் சரோஜா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "டீச்சர் அழலாமா?" என்று கேட்க நினைத்தேன், வாய் ஒத்துழைக்கவில்லை.

நடந்ததைச் சிஸ்டர்தான் சொன்னார். பாதியில் உள்ளே ஒரு ரத்தக்குழாய் நழுவி, ரத்தம் குளம் கட்டிவிட்டதாம். பெரிய டாக்டர் சாதாரணமாக, "கிளாம்ப் போடலாமே" என்றாராம். ரத்தத்துக்குள் கண் தெரியாமல் அந்த இடுக்கியைப் போட்டால், பக்கத்தில் இருக்கும் பித்தக்குழாயையும் சேர்த்து நெரித்துவிடும். எத்தனையோ அவசரக்கைகள் செய்த தவறு அது. மல்லிகா விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் சார். முதல்ல கண்ணுக்குத் தெரியட்டும். நீங்க அசையாம இழுத்துப் பிடிங்க" என்றாள். கனகசிங்கத்தை அசையாதே என்று சொன்ன முதல் ஆள். அவரும் அசையவில்லை. அவள் அவசரப்படாமல் அழுத்தி, துடைத்து, குழாயைப் பார்த்து, ஆழத்தில் இரண்டு விரலை விட்டு முடிச்சுப் போட்டாளாம். சிஸ்டர் கையை விரித்துக் காட்டினார்: "மைலோ டின்னு சத்தமே இல்ல டாக்டர்."

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். கையில் மல்லிகாவின் தாள். என் சாப்பாட்டு மேஜையை இழுத்து அதன்மேல் வைத்து, பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார். வாசலில் மல்லிகா நின்றிருந்தாள். பார்த்ததும், அம்மாவுக்குப் போன் செய்ய ஓடினாள். "ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன். "இவ்வளவு நாள் ஏன் சார் அந்தப் புள்ளைய அலைய விட்டீங்க?"

அவருக்கு இருமல் வந்தது. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு அமுக்கிக்கொண்டு இருமினார். மயக்க மருந்து என் தலையிலிருந்து முழுதாக இறங்கியது அந்த நிமிஷத்தில்தான். முனியாண்டி அண்ணன் சாவி தேடியது, பெரிய டாக்டர் அவர் கட்டிலில் உட்கார்ந்து இருமச் சொன்னது, லோரி ஏறினால் வலிக்குமா என்று கேட்டது எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. நான் அவர் பையையே பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஓம், ஹெர்னியாதான். லிம்மிட்டக் குடுக்க எனக்கு விசரோ? அந்த லோரிக்காரரில பாத்தனான், தையல் திறம். ரத்தம் வந்தா என்ன செய்வாள் எண்டு மட்டும் பாக்க வேண்டிக் கிடந்தது, அதை உம்மட வயித்தில பாத்திட்டன். அடுத்த கிழமை நான் படுக்கிறன், நீர் எழும்பி வந்து மயக்கம் தாரும்."

சர்ஜனின் திறமையை அளக்க உலகத்தில் எத்தனையோ முறைகள் இருக்கலாம், எங்கள் ஆஸ்பத்திரியில் நம்பகமானது ஒன்றுதான் இருந்தது, அதன் தழும்பு என் வலது விலாவுக்குக் கீழே இன்னும் இருக்கிறது.